ரத்தக் குழாயில போடுற வலி ஊசி: முட்டி வலிக்கு மாசாமாசம் போடலாமா?

#1 சிப்புட்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்லேருந்து எழுதறேன். வீட்டுல ஒரு சண்டை ஓடுது, வெவரம் தெரிஞ்சவங்க யாராவது தீர்ப்பு சொல்லுங்க.

அப்பாவுக்கு 68 வயசு. வாழ்நாள் பூரா ரப்பர் தோட்டத்துல மரம் வெட்டுனவரு (பால் எடுத்தவரு), தோட்டம் மூடுனதுக்கு அப்புறம் தாமான் (குடியிருப்பு) வீட்டுல இருக்காரு. போன மாசம் ஒரு ராத்திரி திடீர்னு வலது இடுப்புல வலி, சுருண்டு விழுந்துட்டாரு, வாந்தி வேற. எமர்ஜென்சிக்குக் கொண்டு போனோம். கிட்னி கல்லுன்னாங்க. கையில ஊசி குத்தி ரத்தக் குழாய் வழியா ஒரு மருந்து போட்டாங்க. முக்கா மணி நேரத்துல மனுஷன் எழுந்து உக்காந்து கோப்பி கேட்டாரு.

இப்ப வம்பு என்னன்னா, அவருக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. இவ்வளவு நாளா பொன்ஸ்தான்ங்கற வலி மாத்திரையை முழுங்கிட்டு இருந்தவரு, "மாத்திரை வயித்தக் கெடுக்குது, அந்த ஊசியவே மாசத்துக்கு ஒரு வாட்டி போட்டுக்கறேன்"னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. தனியார் கிளினிக்ல கேட்டா போடுவாங்கன்னு சித்தப்பா வேற ஏத்தி விட்டுட்டாரு. அம்மாவுக்கு பயம்.

ஊசின்னா மாத்திரையை விட பவர் அதிகமா? வயித்துக்குள்ள போகாததால வயிறு தப்பிச்சிருமா? அப்பாவுக்கு பிரஷரும் இனிப்பு நீரும் (சர்க்கரை வியாதி) இருக்கு.

#2 குலைவெட்டி

ஊசி ஊசிதான் பாஸ். நான் செம்பனைக் காட்டுல குலை வெட்டறவன். தோள்பட்டை புடிச்சிக்கிட்டா நேரா கிளினிக், பின்னால ஒரு ஊசி, கையில ஒரு எம்சி (மெடிக்கல் லீவு சீட்டு), மறுநாள் பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கறது) ஆள் ரெடி. மாத்திரை போட்டா மத்தியானம் வரைக்கும் காத்திருக்கணும். ஊசி போடாத டாக்டரை எங்க லயத்துல யாரும் டாக்டர்னே சொல்ல மாட்டாங்க லா.

#3 வார்டு_அக்கா

தம்பி, முதல்ல டிஸ்சார்ஜ் தாளை எடுத்து என்ன மருந்துன்னு பாருங்க. வெளியில எல்லாத்தையும் "வலி ஊசி"ன்னு ஒரே பேர்ல சொல்லிடறாங்க. நான் வார்டுல இருந்தவ, அந்த ஒரு பேருக்குள்ள எத்தனை வகை மருந்து ஓடும்னு எனக்குத் தெரியும்.

மார்ஃபின், பெத்திடின், ட்ராமடோல் எல்லாம் ஒரு குடும்பம். அது மூளை, தண்டுவடத்துல போய் வலியை அமுக்கும். தூக்கம், வாந்தி, தலை சுத்தல் கூடவே வரும். டைக்ளோஃபெனாக், கெட்டோரோலாக், பாரெகோக்சிப், ஐப்யூபுரோஃபென் வேற குடும்பம், அடிபட்ட இடத்துல வர்ற வீக்கத்தையும் எரிச்சலையும் குறைச்சு அது வழியா வலியைக் குறைக்கும். பாட்டில்ல ஏத்தற பாராசிட்டமால் நம்ம பனடோல்தான், 15 நிமிஷத்துல 1 கிராம் இறங்கும், வீக்கத்துக்குப் பெரிசா ஒண்ணும் செய்யாது. புஸ்கோபான் குடல் இழுப்புக்குப் போடறது, அது வலி மருந்தே கிடையாது.

நீங்க கேக்கற வயிறு, கிட்னி பிரச்சினையெல்லாம் ரெண்டாவது குடும்பத்தோடது.

#4 சிப்புட்_பையன்

நன்றி அக்கா. தாளைப் பாத்தேன். பாரெகோக்சிப் 40 மில்லிகிராம், ஒரே ஒரு வாட்டி. கூடவே தண்ணி டிரிப்.

#5 மாத்திரை_மாமா

நான் பார்மசிஸ்ட். உங்க ரெண்டு கேள்வியில ரெண்டாவதை முதல்ல எடுத்துக்கறேன், அதுதான் ஆளை ஆஸ்பத்திரியில படுக்க வைக்கிறது.

வயிறு தப்பிக்காது. இந்த மருந்துங்க வயித்தை ரெண்டு வழியில கெடுக்கும். மாத்திரை வயித்துச் சுவர்ல நேரா பட்டு எரிச்சல் உண்டாக்கறது ஒண்ணு. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ரத்தம் வழியா வர்றது. நம்ம உடம்புல புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் ஊறும். அடிபட்ட இடத்துல வீக்கத்தையும் வலியையும் கூட்டறது அதுதான். ஆனா அதே பொருள்தான் வயித்து உள்சுவர் மேல சளிப்படலத்தைக் கட்டி அமிலத்துலேருந்து காப்பாத்துது. ஆஸ்பிரின் மாதிரி மருந்துங்க இந்தப் பொருள் ஊறுறதைத் தடுத்துத்தான் வேலை செய்யுதுன்னு பிரிட்டன்ல ஜான் வேன் 1971ல கண்டுபிடிச்சார். 1982ல அவருக்கு நோபல் பரிசுல பங்கு கிடைச்சது. மருந்து வாய் வழியா போனாலும் சரி, பின்புறம் வழியா, கை ரத்தக் குழாய் வழியா போனாலும் சரி, ரத்தத்துல கலந்ததும் வயித்துக்கு வந்து சேரும். காவல் குறையும், புண் வரும். ஊசி மட்டுமே போட்டுக்கிட்டு ரத்த வாந்தி எடுத்து வந்தவங்க உண்டு.

அப்பாவுக்குப் போட்ட பாரெகோக்சிப், இதுல கொஞ்சம் வயித்துக்கு இரக்கம் காட்டற ரகம். அது உடம்புக்குள்ள போய் கல்லீரல்ல வால்டிகோக்சிப்பா மாறித்தான் வேலை செய்யும். வீக்கத்துக்குக் காரணமான காக்ஸ்-2 நொதியை மட்டும் பெரும்பாலும் தடுக்கும், வயித்தைக் காக்கற காக்ஸ்-1ஐ அவ்வளவா தொடாது. அதனால புண் அபாயம் குறைவு. குறைவுன்னா இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. கிட்னி விஷயத்துல அந்தச் சலுகையும் கிடையாது.

பவர் கதைக்கு வர்றேன். ஐப்யூபுரோஃபென் மாத்திரையா போட்டாலே கிட்டத்தட்ட முழுசும் ரத்தத்துல ஏறிடும், ஊசியில கூடுதலா ஏத்த அதுல மிச்சம் ஒண்ணும் இல்ல. டைக்ளோஃபெனாக் மாத்திரையில பாதி கல்லீரல்லயே கழிஞ்சிடும், ஆனா அதுக்குத் தகுந்த மாதிரிதான் மாத்திரை அளவையே வச்சிருக்காங்க. 1990கள்ல அமெரிக்க எமர்ஜென்சிகள்ல ஒரு சோதனை செஞ்சாங்க. தசை, எலும்பு வலியோட வந்தவங்கள்ல ஒரு பாதிக்கு கெட்டோரோலாக் 60 மில்லிகிராம் தசையில ஊசி, மறு பாதிக்கு ஐப்யூபுரோஃபென் 800 மில்லிகிராம் வாய் வழியா. யாருக்கு எதுன்னு தெரியாம இருக்க ஊசிக்காரங்களுக்குப் போலி மாத்திரை, மாத்திரைக்காரங்களுக்குப் போலி ஊசி. வலி குறைஞ்ச அளவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் தெரியல.

#6 குலைவெட்டி

அப்ப எனக்கு ஊசி போட்டதும் சரியாகுதே, அது பொய்யா மாமா?

#7 மாத்திரை_மாமா

பொய் இல்ல. ஊசின்னாலே வலி பாதி போயிடும்ங்கற நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு, அதை நான் கேலி பண்ணல. ஆனா நேரத்தைப் பாருங்க. கெட்டோரோலாக் ரத்தக் குழாயில போட்டாலும் தசையில போட்டாலும் வேலை ஆரம்பிக்க சுமார் அரை மணி நேரம், உச்சத்துக்குப் போக ஒண்ணுலேருந்து ரெண்டு மணி நேரம்னு அந்த மருந்தோட குறிப்புத் தாள்லயே இருக்கு. நீங்க முழுங்கற ஐப்யூபுரோஃபென் அரை மணியிலேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வேலையைத் தொடங்கிடும். கிளினிக்ல நம்பர் எடுத்துட்டு உக்காந்திருக்கற நேரத்துக்கு அது எவ்வளவோ பரவால்ல. எம்சி கதை வேற, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.

#8 பழைய_டிரஸ்ஸர்

தோட்டத்து ஆஸ்பத்திரியில எச்.ஏ.வா (ஆஸ்பத்திரி உதவியாளர்) இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஊசி கேட்டு அடம் பிடிக்கிறது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. சிவப்பு மிக்சர் பாட்டில் ஒண்ணு கலக்கிக் குடுத்தா, "அய்யா, ஊசி ஒண்ணு தட்டுங்க"ம்பாங்க. தட்டலேன்னா துரைகிட்டப் போய் கோள் சொல்லுவாங்க. கிராணிமாரும் (தோட்டத்து கிளார்க்குங்க) அப்படித்தான், கூலிக்காரங்களை மட்டும் சொல்லக் கூடாது.

குலைவெட்டி தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். பின்புறத்துல போடற டைக்ளோஃபெனாக் ஊசி லேசுப்பட்ட ஊசி இல்ல. மேல் வெளிப்பக்கமா, ஆழமா, தசைக்குள்ள போகணும். இடம் தவறினா கால் நரம்புல பட்டு கால் தொங்கிப் போகும். சீழ் கட்டும். ரொம்ப அபூர்வமா ஊசி போட்ட இடத்துத் தோலும் சதையும் கருத்து அழுகிப் போறது உண்டு. நிக்கோலாவ் சிண்ட்ரோம்னு பேரு.

"அப்ப ரத்தக் குழாயிலயே போட்டுடலாமே"ன்னு உங்க சித்தப்பா கேப்பாரு. வோல்தாரன்னு விக்கிற டைக்ளோஃபெனாக் ஆம்பியூலை உடைச்சு அப்படியே உள்ள தள்ளக் கூடாது. பைகார்பனேட் சேர்த்த சலைன்லயோ குளுக்கோஸ்லயோ கலந்து, அரை மணி நேரத்துலேருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் மெதுவா இறக்கணும். ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம் எல்லை, ரெண்டு நாளுக்கு மேல ஊசி வேண்டாம், அப்புறம் மாத்திரைக்கு மாறணும். ஒரு சின்ன கிளினிக்ல ஒத்த டாக்டர், ஒத்த நர்ஸ் வச்சுக்கிட்டு இதைப் பொறுமையா பண்ணுவாங்களான்னு யோசிங்க.

#9 எதிர்க்கட்சி

எல்லாம் சரி. ஊசிக்கு மாத்திரையை விட பவர் இல்லேன்னா, எமர்ஜென்சியில ஏன் ஊசி போட்டாங்க? நாங்க கேட்டா மாத்திரை, அவங்களா போட்டா ஊசி. இதுல ஏதோ இடிக்குது.

#10 ஈப்போ_இரவுப்பணி

நல்ல கேள்வி. நான் எமர்ஜென்சியில வேலை செய்யற டாக்டர், அதனால இதுக்கு நான்தான் பதில் சொல்லணும்.

சிப்புட் தம்பியோட அப்பா வாந்தி எடுத்துட்டு இருந்தார். வாந்தி எடுக்கறவருக்கு மாத்திரை குடுத்தா அது தரைக்குத்தான் போகும். அதுதான் முதல் காரணம். அறுவை சிகிச்சைக்கு முன்னாலயும் முடிஞ்ச உடனேயும் வாயில ஒண்ணும் குடுக்க முடியாத ஆளு, தாடை உடைஞ்ச ஆளு, மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்து உடனே ஆபரேஷனுக்குப் போக வேண்டிய ஆளு, இவங்களுக்கெல்லாம் ரத்தக் குழாய் வழிதான். மார்ஃபினோட சேர்த்து இந்த ஊசியைப் போட்டா மார்ஃபின் அளவைக் குறைக்கலாம். வயிறு, எலும்பு ஆபரேஷனுக்கு அப்புறம் வார்டுல இதைப் போடறது பெரும்பாலும் அதுக்காகத்தான். மயக்கம் குறையும், ஆளு சீக்கிரம் எழுந்து நடப்பார்.

கிட்னி கல் வலியில இந்த மருந்துக்குத் தனி மரியாதை உண்டு. கல்லு குழாயில அடைச்சதும் கிட்னியில புரோஸ்டாகிளாண்டின் ஏறும், ரத்த ஓட்டம் கூடும், மூத்திரம் ஊறி உள்ள அழுத்தம் ஏறும், வலி உயிர் போகும். அந்தப் பொருளையே தடுத்துட்டா அழுத்தமும் சேர்ந்து இறங்குது. கத்தார்ல ஒரு பெரிய எமர்ஜென்சியில 1,600க்கும் மேற்பட்ட கல் நோயாளிகளை வச்சுப் பார்த்து 2016ல வெளியிட்டாங்க. அரை மணி நேரத்துல வலி பாதியா குறைஞ்சவங்க டைக்ளோஃபெனாக் போட்டவங்கள்ல 68 சதவீதம், மார்ஃபின் போட்டவங்கள்ல 61 சதவீதம். கவனிங்க, அங்க டைக்ளோஃபெனாக்கைத் தசையிலதான் போட்டாங்க, மார்ஃபினை ரத்தக் குழாயில. மார்ஃபினைத் தோற்கடிச்சது மருந்தோட குணம், ஊசி போன பாதைக்கு அதுல பங்கு இல்ல.

அளவைக் கூட்டினா வலி இன்னும் குறையும்னு நினைக்கறவங்களுக்கும் ஒண்ணு. நியூயார்க் புரூக்ளின்ல 2017ல கெட்டோரோலாக்கை 10, 15, 30 மில்லிகிராம்னு மூணு அளவுல ரத்தக் குழாயில போட்டுப் பார்த்தாங்க. மூணும் ஒரே அளவுக்குத்தான் வலியைக் குறைச்சது. ஒரு எல்லைக்கு மேல பலன் ஏறாது, பக்க விளைவு மட்டும் ஏறும். அதே மருந்தை மாத்திரை, ஊசி எல்லாம் சேர்த்து 5 நாளுக்கு மேல குடுக்கக் கூடாது. 65 வயசு தாண்டினவங்களுக்குப் பாதி அளவு.

இன்னொண்ணு, உங்க கேள்விக்கு வெளியில. 60 தாண்டினவர் முதல் தடவையா "கல் வலி"யோட வந்தா நாங்க வயித்துப் பெரிய ரத்தக் குழாயையும் ஸ்கேன்ல ஒரு பார்வை பாத்துடுவோம். அது வீங்கி வெடிக்கப் போறப்பவும் வலி இதே இடத்துலதான் வரும். கிளினிக்ல உடனே ஊசியைப் போட்டு அனுப்பிட்டா அந்தப் பார்வை கிடைக்காது.

#11 சிப்புட்_பையன்

ஆமா டாக்டர், ஸ்கேன் பண்ணாங்க. அதுக்கு முன்னால அரை மணி நேரம் கேள்வியா கேட்டாங்க. ஆஸ்துமா உண்டா, வயித்துப்புண் உண்டா, இதய நோய் உண்டா, என்ன மருந்து சாப்பிடறாருன்னு. வலியில துடிக்கறவர்கிட்ட இவ்வளவு கேக்கணுமான்னு எனக்குக் கோவம்.

#12 ஈப்போ_இரவுப்பணி

கோவம் வரும், தெரியும். ஆஸ்துமாக்காரங்கள்ல சிலருக்கு இந்த மருந்து மூச்சை அடைச்சிடும். நெஞ்சடைப்பு வந்தவருக்கு, இதயம் பலவீனமானவருக்கு டைக்ளோஃபெனாக் கூடாதுன்னு ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013லயே சொல்லிடுச்சு. கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்கு மேல தவிர்க்கச் சொல்றாங்க. வாயில போட்டது வேண்டாத விளைவு காட்டுனா அடுத்த மாத்திரையை நிறுத்தலாம், ரத்தக் குழாயில போனதைத் திருப்பி எடுக்க வழி இல்ல.

உங்க அப்பா பிரஷருக்கு என்ன சாப்பிடறார்?

#13 சிப்புட்_பையன்

பெரிண்டோபிரில், கூட ஹைட்ரோகுளோரோதயசைட். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின்.

#14 ஈப்போ_இரவுப்பணி

இதைத்தான் எதிர்பார்த்தேன். பெரிண்டோபிரில் ஒண்ணு, மூத்திரம் பிரிக்கிற ஹைட்ரோகுளோரோதயசைட் மாத்திரை ஒண்ணு, அதுக்கு மேல பொன்ஸ்தானோ வலி ஊசியோ. இந்த மூணும் சேர்ந்தா கிட்னிக்கு ஆகாது.

தாமான்ல தண்ணி பிரஷர் குறைஞ்சா நம்ம வீட்டு வால்வை நல்லாத் திறந்து விடுவோம்ல, கிட்னியும் அதைத்தான் செய்யுது. ரத்தம் உள்ள வர்ற குழாயைத் திறந்து வைக்கிறது புரோஸ்டாகிளாண்டின். வெளிய போற குழாயை இறுக்கிப் பிடிச்சு அழுத்தத்தை நிறுத்துறது வேற ஒரு பொருள். மூத்திர மாத்திரை உடம்புத் தண்ணியைக் குறைக்குது. பெரிண்டோபிரில் வெளிய போற குழாயைத் தளர்த்திடுது. வலி மருந்து உள்ள வர்ற குழாயையும் சுருக்கிடுது. வெயில்ல வேலை செஞ்சு வேர்த்து, தண்ணி சரியா குடிக்காத நாள்ல இது நடந்தா கிட்னி ஒரே வாரத்துல படுத்துடும். இனிப்பு நீர் இருக்கறவருக்கு கிட்னி ஏற்கனவே கொஞ்சம் அடி வாங்கியிருக்கும். இந்த நாட்டுல 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், நம்ம ஆளுங்கள்ல அதை விடவும் கூட. டயாலிசிஸ் சென்டர் வாசல்ல நின்னு பாத்தா நான் எதுக்கு இதையே பேசறேன்னு புரியும்.

ஒரு தடவை கல் வலிக்கு, ரத்தப் பரிசோதனை பார்த்து, டிரிப்போட போட்டது வேற விஷயம். வருஷத்துக்குப் பன்னண்டு தடவை முட்டிக்குப் போடறது வேற.

#15 கிராணி_வீட்டுப்_பொண்ணு

நடுவுல நானும் ஒண்ணு சேக்கறேன். எங்க வீட்டுல தம்பிக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. ஒரு கிளினிக்ல (பேர் வேண்டாம்) ரத்தம் பாக்காம பின்னால ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா டெங்கி. ஊசி போட்ட இடம் நீலமா வீங்கிக் கெட்டியா போச்சு. பிளேட்லெட் குறைஞ்சு வார்டுல படுத்தான். இப்ப நல்லா இருக்கான். ஆனா அந்த ஊசி என்ன ஊசின்னு தாள்லயும் இல்ல, கேட்டாலும் "வலி ஊசி"ன்னுதான் சொன்னாங்க.

#16 வார்டு_அக்கா

காய்ச்சலோட உடம்பு வலின்னா இந்தப் பக்கம் முதல்ல டெங்கியைத்தான் சந்தேகப்படணும். 2019ல மட்டும் நாட்டுல 1,30,000 கேஸுக்கு மேல. டெங்கியில ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும், இந்த மருந்துங்க மிச்சம் இருக்கற தட்டணுவையும் வேலை செய்ய விடாது. பொன்ஸ்தான், வோல்தாரன், ஆஸ்பிரின், ப்ரூஃபென் (ஐப்யூபுரோஃபென்) எதுவும் கூடாது, தசை ஊசியே கூடாது. பனடோல், தண்ணி, ரத்தப் பரிசோதனை.

தோட்டத்துல இன்னொரு காய்ச்சலும் உண்டு. எலி மூத்திரத்துல வர்ற லெப்டோ. 2010லேருந்து கட்டாயம் ரிப்போர்ட் பண்ண வேண்டிய நோய். கெண்டைக்கால் சதை தொட்டாலே வலிக்கும், "வேலை வலி"ன்னு நினைச்சு ஊசி போட்டுக்குவாங்க. அந்த நோயே கிட்னியைத் தின்னும், அதுக்கு மேல இந்த மருந்து.

#17 பழைய_டிரஸ்ஸர்

"வாயு புடிச்சிக்கிச்சு"ன்னு வந்து தோள்ல ஊசி கேட்டவங்களையும் சேத்துக்கோ அம்மா. இடது தோள், தாடை, முதுகு வலி, வேர்வை. வாயு இல்ல, நெஞ்சடைப்பு. வலி ஊசி போட்டு வலி கொஞ்சம் அடங்கினா வீட்டுக்குப் போய் படுத்துடுவாங்க, அதுதான் கஷ்டம்.

#18 எதிர்க்கட்சி

எல்லாம் மருந்துக் கம்பெனி விளையாட்டு. அந்த காக்ஸ்-2 மருந்தெல்லாம் தடை பண்ணிட்டாங்கன்னு படிச்சேனே. அதையே இங்க நம்ம அப்பாமாருக்குப் போடறாங்களா?

#19 மாத்திரை_மாமா

பாதி சரி. வயோக்ஸ்னு வித்த ரோஃபிகோக்சிப்பை அது தயாரிச்ச கம்பெனியே 2004 செப்டம்பர்ல உலகம் பூரா திரும்ப எடுத்துக்கிச்சு, மாரடைப்பும் பக்கவாதமும் கூடினதால. வால்டிகோக்சிப் மாத்திரை 2005 ஏப்ரல்ல போச்சு. இதயக் கோளாறோட கடுமையான தோல் ஒவ்வாமையும் சேர்ந்துக்கிச்சு. பாரெகோக்சிப் உடம்புக்குள்ள அதே வால்டிகோக்சிப்பாத்தான் மாறுது, அதனால உங்க சந்தேகம் நியாயமானது. இதய பைபாஸ் ஆபரேஷன் ஆனவங்களுக்கு அதைக் குடுத்துப் பாத்தப்ப அடைப்பு கூடிச்சு, அதனால அவங்களுக்கு அது முற்றிலும் கூடாது. அமெரிக்காவுல அனுமதியே கிடைக்கல.

ஐரோப்பாவும் மலேசியாவும் வச்சிருக்கறது குறுகிய காலத்துக்கு. மாத்திரையில மாசக்கணக்கா எடுத்து வந்த ஆபத்தும், ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு நாள் போடறதும் ஒண்ணு இல்ல. ஆனா இதை வச்சுத்தான் நான் சிப்புட் தம்பிக்குச் சொல்றேன், அந்த மருந்தோட லைசென்ஸே குறுகிய கால வேலைக்குத்தான் இருக்கு. மாசாமாசம் முட்டிக்குப் போடறது யாரும் சோதிச்சுப் பாக்காத விளையாட்டு.

#20 குலைவெட்டி

சரி மாமா, ஒத்துக்க மாட்டேன், ஆனா கேட்டுக்கறேன். முட்டிக்கு அப்ப என்னதான் பண்றது? சும்மா உக்காந்து முனகணுமா?

#21 ஈப்போ_இரவுப்பணி

முனக வேண்டாம். தேய்மான முட்டிக்கு மருந்துன்னா முதல்ல ஜெல். டைக்ளோஃபெனாக் ஜெல் தோல்ல தடவறது, ரத்தத்துல ஏறுறது மாத்திரையில ஏறுறதுல ஒரு சின்னப் பங்குதான். பிரிட்டன்ல சிகிச்சை வழிகாட்டி வகுக்கற நைஸ் அமைப்பு 2022ல முட்டிக்கு முதல் வரிசையில வச்சது இதைத்தான், அதோட தொடைத் தசைக்குப் பயிற்சியும் எடைக் குறைப்பும். பயிற்சின்னதும் சிரிக்கறாங்க. மரம் வெட்டி மேடு பள்ளம் நடந்தவருக்குத் தொடைத் தசை வீட்டுல உக்காந்ததும் கரைஞ்சு போகுது, வலி பாதி அதனாலதான். கவர்மென்ட் ஆஸ்பத்திரி பிசியோவுக்கு ரெஃபர் லெட்டர் கேளுங்க.

மாத்திரை அவசியம்னா கிட்னி ரத்தப் பரிசோதனை பாத்துட்டு, குறைஞ்ச நாளுக்கு, வயித்துக்கு ஒமெப்ரசோல் மாதிரி ஒரு காவலோட. கிட்னி வடிகட்டற வேகம் (இஜிஎஃப்ஆர்) 30க்குக் கீழன்னா வேண்டவே வேண்டாம். பொன்ஸ்தானை நாளைக்கே நிறுத்திடுங்க.

#22 சிப்புட்_பையன்

அம்மா இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு ஒரு விஷயத்தை இப்பத்தான் வெளிய விடறாங்க. அப்பா பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) ஒரு ஆள்கிட்ட மூட்டு வலிக்கு மூலிகைக் கேப்சூல் வாங்கி ரொம்ப நாளா சாப்பிடறாராம். எமர்ஜென்சியில கேட்டப்ப அதைச் சொல்லல, "அது மருந்து இல்ல, மூலிகைதானே"ன்னு. சாப்பிட்டா ரெண்டே நாள்ல முட்டி பறக்குதாம். முகம் வேற கொஞ்சம் உப்பிக்கிட்டு வருது, சாப்பாட்டால இருக்கும்னு நினைச்சோம். பாக்கெட்டுல மால் நம்பர் (மருந்துப் பதிவு எண்) இருக்கு, அசல்னு காட்டற ஹோலோகிராம் ஸ்டிக்கர் இல்ல.

#23 மாத்திரை_மாமா

தம்பி, இந்த இழையில இதுதான் அவசரமான பதிவு.

மூட்டு வலிக்கு ரெண்டே நாள்ல பறக்க வைக்கிற மூலிகை எனக்குத் தெரிஞ்சு இல்ல. நம்ம மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் என்பிஆர்ஏ இந்த மாதிரி பாக்கெட்டுகள்ல திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறது டெக்சாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டும், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மருந்துங்களும். முகம் உப்பறது ஸ்டீராய்டு சந்தேகத்தைக் கூட்டுது. ஸ்டீராய்டும் வலி மருந்தும் சேர்ந்தா வயித்துல ரத்தக் கசிவு அபாயம் பல மடங்கு. சர்க்கரையும் பிரஷரும் அடங்காம ஏறும். மால் நம்பரை அச்சடிக்கிறது யாராலயும் முடியும், என்பிஆர்ஏ இணையத்தளத்துல அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க.

#24 ஈப்போ_இரவுப்பணி

இதோட இன்னொண்ணு. இன்னைக்கே நிறுத்திடாதீங்க. ரொம்ப நாளா ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தா உடம்பு தானா ஊற வேண்டிய ஸ்டீராய்டை ஊறாம நிறுத்தியிருக்கும். பட்டுனு நிறுத்தினா பிரஷர் விழுந்து மயங்கிடுவார். பாக்கெட்டைக் கையில எடுத்துட்டு நாளைக்குக் காலையில கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க, படிப்படியா குறைக்கறது டாக்டர் வேலை. கறுப்பா மலம் போச்சுன்னாலோ, ரத்த வாந்தின்னாலோ காத்திருக்காம எமர்ஜென்சி. வலி ஊசி பேச்சையே அதுவரைக்கும் எடுக்காதீங்க.

#25 சிப்புட்_பையன்

போயிட்டு வந்தோம். பாக்கெட்டை டாக்டர் வாங்கி வச்சுக்கிட்டாங்க. கிட்னி, சர்க்கரை, ஹார்மோன் எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்திருக்காங்க, ஸ்டீராய்டு மாத்திரை அளவு பாத்துக் குடுத்து வாராவாரம் குறைக்கச் சொல்லியிருக்காங்க. பொன்ஸ்தான் கட். ஹைட்ரோகுளோரோதயசைட்டை ரிசல்ட் வர்ற வரைக்கும் நிறுத்தி வச்சிருக்காங்க. செலவு ஒரு வெள்ளி (ரிங்கிட்). அப்பா முகத்தைத் தூக்கி வச்சிருக்காரு, சித்தப்பாகூட பேச மாட்டேங்கறாரு. ஜெல் தடவிக்கிறாரு, ஆனா "வாசனை பத்தல"ங்கறாரு.

#26 வார்டு_அக்கா

வாசனை வேணும்னா மேல தைலம் ஏதாவது தடவிக்கட்டும், ரெண்டையும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல வேண்டாம். ஜெல் தடவிட்டுத் துணி போட்டு இறுக்கிக் கட்டறதும் வேண்டாம்.

#27 லாடாங்_ராணி

இழை பழசாகலேன்னா ஒரு கேள்வி. எனக்கு அடுத்த மாசம் பித்தப்பை ஆபரேஷன். பாக்ட்ரிம் சாப்பிட்டு ஒரு தடவை உடம்பெல்லாம் தடிச்சு, வாய் உள்ள புண்ணாகி படுத்திருக்கேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த பாரெகோக்சிப் ஊசி போட்டா பரவாயில்லையா?

#28 ஈப்போ_இரவுப்பணி

போடக் கூடாது. பாக்ட்ரிம் சல்ஃபா மருந்து, பாரெகோக்சிப்பும் சல்ஃபா அமைப்பு உள்ளது. சல்ஃபாவுக்கு அலர்ஜி வந்தவங்களுக்கு வேண்டாம்னு அதோட குறிப்புலயே இருக்கு, வாய்ப்புண் வரைக்கும் வந்ததுன்னா இன்னும் கண்டிப்பா. மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால உங்களைப் பார்க்க வருவார், "பாக்ட்ரிம், தடிப்பு, வாய்ப்புண்"னு மூணையும் சேர்த்து அவர்கிட்டச் சொல்லுங்க, அலர்ஜி கார்டு இல்லேன்னா பார்மசியில கேட்டு வாங்கிக்கோங்க. உங்களுக்குப் போட வேற மருந்து நிறைய இருக்கு.

#29 லாடாங்_ராணி

சரிங்க டாக்டர், நாளைக்கே கார்டு கேக்கறேன்.